வினாவில் நிற்கும் முற்றும்மை

கற்பிப்பார்க்கும் கற்பார்க்கும் இடையே நிகழும் கொடுக்கல் வாங்கல் வினாவும் விடையுமே ஆம். நல்லூர் ஆறுமுக நாவலர் சைவ சமயப் பொருளைச் சிறுவர்க்கு உணர்த்தப் புகுந்தபொழுது வினாவிடை வடிவத்தையே கைக்கொண்டனர். அவர் இயற்றிய சைவ வினாவிடையைக் கையிலேந்தி யாழ்ப்பாணத்துப் பல தலைமுறையினர் கற்றனர். இங்ஙனம் வினாவினால் வளர்ந்த நாம், வினா என்பதன் பொருள் யாது என்று வினாவியது அரிது. "மழை பெய்தது" என்னும் கூற்றின் பொருளை அறிந்தவன், எந்நிலையில் அது மெய்யாகும், எந்நிலையில் பொய்யாகும் என்பதை அறிந்தவன் ஆவான். "மழை பெய்ததா?" என்பதோ மெய்யும் அன்று, பொய்யும் அன்று. அங்ஙனமாயின், அதனை விளங்கிக்கொண்டவன் எதனை விளங்கிக்கொண்டான்?

இத்தகைய வினாவினுள் "எல்லாரும்", "ஒவ்வொருவரும்", "ஒருவரும்", "இருவரும்" முதலாய அளவுச்சொற்களுள் ஒன்று புகுந்துவிடின் சிக்கல் இரட்டிக்கின்றது. அவ்வினாவுக்கு ஒரு விடை போதுமா, பல விடை வேண்டுமா, எவரைப் பற்றிய விடை வேண்டும் என்பன எல்லாம் ஐயத்துக்கு இடமாகின்றன. நம் இலக்கண நூலார் இதுபற்றிக் கூறியவற்றையும், மேனாட்டில் அளவையியல் வழியாக எழுந்த பொருண்மையியலார் கூறியவற்றையும் ஒருங்கு வைத்து நோக்கி, இரு திறத்தாரிடத்தும் காணும் நிறைவையும் குறைவையும் எடுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வகுப்பறையில் ஒரு வினா

இவ்வாராய்ச்சியில் என்னைச் செலுத்தியது நூலன்று, வகுப்பறையே. பாடம் முடிந்தவுடன் "எல்லாருக்கும் விளங்கியதா?" என்று கேட்டல் ஆசிரியர் வழக்கம். "ஓம், சேர்" என்று ஒரே குரலாக விடை வரும். யானும் பல்லாண்டு அவ்விடையால் மனநிறைவு எய்தி வந்தேன். ஒருமுறை உம்மைப் பொருள்களைக் கற்பித்து, இவ்வாறே வினாவி, இவ்வாறே விடை பெற்று, மறுநாள் ஒரு சோதனை வைத்தேன். வகுப்பிற் பாதிக்கு மேற்பட்டோர் முற்றும்மைக்கும் எச்சவும்மைக்கும் வேறுபாடு அறியாதிருந்தனர்.

மாணவர் பொய் கூறினர் என்று முதலிற் சினந்தேன். பின்னர் ஆராய்ந்தபொழுது பிழை வினாவிலேயே இருந்தது புலனாயிற்று. யான் கேட்டது வகுப்பு முழுவதையும் பற்றிய ஒரே வினா. அதற்கு "ஓம்" என்பதும் "இல்லை" என்பதுமாகிய இரண்டே விடைகள் உண்டு. பக்கத்திலிருப்பவனுக்கு விளங்கியதோ அன்றோ என்பதை எந்த மாணவனும் அறியான். ஆதலின் விளங்கியவன் தன்னளவில் "ஓம்" என்றான். விளங்காதவனோ "இல்லை" என்று கூறின், முழு வகுப்பின் விடையையும் தான் ஒருவனே மாற்றியவன் ஆவான். அதனால் அவன் வாளாவிருந்தான். விளங்காதவனைக் கண்டறிய எழுந்த வினாவே அவனை மறைத்துவிட்டது. இப்பிழையை உணர்ந்தபின், "எல்லாரும்" என்னும் சொல் வினாவினுள் நின்று செய்வது யாது என்று அறியும் வேட்கை உண்டாயிற்று.

இலக்கண நூலார் கண்டவை

பவணந்தி முனிவர் நன்னூலில் வினாவை அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா என ஆறாக வகுத்தனர். இப்பகுப்புக்கு அடிப்படை வினாவுவானின் உள்ளமே என்பது சிறிது நோக்கின் விளங்கும். "அரிசி உண்டோ?" என்னும் ஒரே தொடர், கொள்ள வந்தவன் வாயிற் கொளல் வினா ஆகும், இல்லாதார்க்கு ஈய நினைப்பவன் வாயிற் கொடை வினா ஆகும். தொடர் மாறவில்லை, கேட்பவன் கருத்தே மாறிற்று.

விடையையோ அவர் சுட்டு, மறை, நேர், ஏவல், வினாதல், உற்றதுரைத்தல், உறுவது கூறல், இனமொழி என எட்டாக வகுத்தனர். இவற்றுள் முதல் மூன்றும் செவ்வன் இறை என்றும், ஏனைய ஐந்தும் இறை பயப்பன என்றும் உரையாசிரியர் பிரித்தனர். அஃதாவது முதல் மூன்றும் கேட்டதற்கு நேராக விடையாவன. ஏனையவை வேறொன்றைக் கூறுமுகத்தால் விடையைப் பெறவைப்பன. இப்பிரிவு மிக நுண்ணியது. "வருவாயா?" என்பதற்கு "வருவேன்" என்பது நேர், "வாரேன்" என்பது மறை. "வழி யாது?" என்பதற்கு "இது" என்பது சுட்டு. "வருவாயா?" என்றவனுக்குக் "கால் நோகிறது" என்பது செவ்வன் இறை அன்று, ஆயினும் விடை அதிலிருந்து பெறப்படுகின்றது. வினாத்தொடரின் பொருளுக்கு உரியன முதல் மூன்றுமே. ஏனையவை வழக்காற்றினால் வருவன. இவ்வேறுபாடு பின்னர்ப் பயன்படும்.

அளவுச்சொற்களைப் பற்றிய செய்தி வினாவியலில் இல்லை. இடைச்சொல்லியலில் உம்மைக்குப் பொருள் கூறுமிடத்தில் உள்ளது. தொல்காப்பியரும் பவணந்தியாரும் உம்மைக்கு எட்டுப் பொருள் கூறுவர். எண்ணும், முற்றும், எச்சமும் அவற்றுட் சில. "கந்தனும் முருகனும் வந்தனர்" என்புழி உம்மை எண்ணிற்று. "எல்லாரும் வந்தனர்" என்புழி முற்றுப்பெறுவித்தது. "கந்தனும் வந்தான்" என்புழி வேறொருவன் வந்தமையை எஞ்சவைத்தது.

இவற்றின்மேல் தொல்காப்பியர் ஒரு நுட்பத்தைக் கூட்டினர். முற்றும்மை சிலவிடத்து எச்சப்பொருளும் தரும் என்பது அது. நன்னூலாரும் அதனைத் தழுவினர். எதிர்மறை வினையோடு சேரும்போதே இந்நிலை உண்டாகும் என்று உரைகாரர் தெளிவுறுத்தினர். பத்துப் பொருளையும் கொடாதே என்று ஒருவன் ஏவினால், சிலவற்றைக் கொடு என்பது அவன் கருத்தாதல் கூடும் அன்றோ? அவ்வாறே "எல்லாரும் வந்திலர்" என்னும் தொடர், ஒருவரும் வாராமையையும் குறிக்கும். சிலர் வந்து சிலர் வாராமையையும் குறிக்கும். "எல்லாரும்" என்பது "இல்லை" என்பதை ஆள்கின்றதா, "இல்லை" என்பது "எல்லாரும்" என்பதை ஆள்கின்றதா என்பதைப் பொறுத்துப் பொருள் வேறாகின்றது. அளவுச்சொல்லின் ஆட்சியெல்லை என்று இக்காலத்து அளவையியலார் கூறுவது இதுவே.

காங்கேசன்துறைக்கு அணித்தாகிய புன்னாலைக்கட்டுவனில் வாழ்ந்த மகாவித்துவான் சி. கணேசையர், சொல்லதிகாரச் சேனாவரையர் உரையைத் தம் குறிப்புக்களோடு 1938ஆம் ஆண்டிலே சுன்னாகம் திருமகள் அழுத்தகத்தின் வாயிலாக வெளிவரச் செய்தார். ஈழகேசரி நா. பொன்னையா அதன் பதிப்பாளர். அந்நூல் இவ்வட்டாரத்திலேயே ஆக்கப்பெற்றதாகவும், இங்குள்ள நம் மாணவர் உம்மையின் எட்டுப் பொருளையும் பெயரளவில் மனனஞ் செய்து, முற்றும்மை எச்சமாகும் விதியை ஒரு விலக்குப்போல எண்ணிக் கடந்துபோதல் வருந்தத்தக்கது. அவ்விதி விலக்கன்று, நாள்தோறும் நாம் பேசும் பேச்சில் வாழும் விதியாகும்.

மேனாட்டார் கண்டவை

நாவலர் சிவபதமடைந்த 1879ஆம் ஆண்டிலேயே ஜேர்மனியிற் பிரேகே என்னும் கணித அறிஞர் ஒரு சிறு நூலை வெளியிட்டனர். "எல்லாம்" என்பதும் "சில" என்பதும் பொருள்களின் பெயரல்ல. ஒரு பண்பு எத்துணைப் பொருள்மேற் செல்கின்றது என்பதைக் கூறும் சொற்கள் என்று அதன்கண் அவர் நிறுவினர். இக்கால அளவையியலின் தோற்றம் அந்நூலே என்பர். ஆயினும் அவ்வளவையியல் மெய் பொய்யாகும் கூற்றுக்களைப் பற்றியதேயன்றி வினாக்களைப் பற்றியதன்று.

வினாவின் பொருளை முதன்முதல் தெளிவுற வரையறுத்தவருள் ஒருவர் அவுஸ்திரேலியப் பேராசிரியராகிய ஹம்பிளின் ஆவர். ஒரு வினாவை அறிதல் என்பது, எவை அதற்கு விடையாகத் தக்கன என்பதை அறிதலே என்னும் கருத்தை அவர் 1958ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையிற் கூறி, 1973ஆம் ஆண்டிலே விரித்தனர். "நாகபட்டினத்துக் கப்பல் இன்று துறைக்கு வந்ததா?" என்னும் வினாவின் பொருள், வந்தது என்பதும் வந்திலது என்பதுமாகிய இரு கூற்றுக்களின் தொகுதி. "கப்பலில் வந்தவர் யார்?" என்னும் வினாவின் பொருள், கந்தன் வந்தான், முருகன் வந்தான் என்றாற்போல எத்தனை பேரைக் கருதலாமோ அத்தனை கூற்றுக்களின் தொகுதி. அத்தொகுதியுள் மெய்யான கூற்றுக்களை மட்டுமே கொள்ளல் வேண்டும் என்று 1977இல் கார்ட்டுனென் திருத்தினர். வந்தவரைக் கூறுதல் மட்டும் போதாது, ஏனையோர் வந்திலர் என்பதும் முழு விடையில் அடங்கும் என்று 1984இல் அம்ஸ்ரடாம் நகரத்துக் குரூனண்டைக், ஸ்ரொக்கோப் என்னும் இருவரும் மேலும் திருத்தினர்.

ஹம்பிளின் தொகுதியுட் சேர்வன நம்மவர் கூறிய நேரும் மறையும் சுட்டுமே என்பது ஈண்டுக் கருதற்பாலது. முழு விடை பற்றிய கருத்தும் நமக்கு முற்றிலும் புதிதன்று. பயறு உண்டோ என்று வினாவினார்க்கு இல்லை என்று ஒழியாது, அதற்கு இனமான உழுந்தைச் சுட்டி அஃதல்லாதது இல்லை என வணிகன் கூறும் முறையைத் தொல்காப்பிய உரைகள் விளக்குகின்றன. வினாவுக்கு ஓர் இன எல்லை உண்டு. விடை அவ்வெல்லையை நிரப்பவேண்டும் என்னும் உணர்வு அங்கே உள்ளது. ஆயினும் வினாவின் பொருளை விடைகளின் தொகுதியாகக் காணும் பொதுக்கோட்பாடு நம் நூல்களில் இல்லை என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். எல்லாம் தொல்காப்பியத்தில் உண்டு என்பார் கூற்றிலுள்ள முற்றும்மையும், உற்று வினாவின் எச்சமாகவே முடியும்.

ஒரு வினா, மூன்று விடை

இனி, அளவுச்சொல் வினாவிற் புகும் இடத்துக்கு வருவோம். "ஒவ்வொரு மாணவனும் எந்த நூலைப் படித்தான்?" என்று நூலகப் பொறுப்பாளரை ஒருவர் வினாவுகின்றார் என்க. பொறுப்பாளர் மூவகையாக விடை கூறலாம். "நன்னூல்" என்று கூறின், எல்லாரும் ஒரே நூலைப் படித்தனர் என்பது பெறப்படும். இதனை ஒற்றை விடை எனலாம். "தன் தமையன் படித்துவிட்ட நூலை" என்று கூறின், நூல் ஆளுக்கு ஆள் வேறாயினும் மாணவனுக்கும் நூலுக்கும் உள்ள உறவு ஒன்றே. இதனை உறவு விடை எனலாம். "கந்தன் நன்னூலை, முருகன் திருக்குறளை, வேலன் நளவெண்பாவை" என்று நிரல்படக் கூறின் அது மூன்றாவது வகை. பெயர்களை ஒரு வரிசையாகவும் அவற்றுக்குரியவற்றை மற்றொரு வரிசையாகவும் நிறுத்தி முறையே பொருத்திக் கொள்ளும் பொருள்கோளை நம்மவர் நிரல்நிறை என்றனர். அப்பெயரையே இங்கும் ஆண்டு, இதனை நிரல்நிறை விடை என்று குறிப்பேன்.

முதலிரண்டும் பொருண்மையியலார்க்கு அத்துணை இடர் விளைக்கவில்லை. மூன்றாவதே இடர்ப்படுத்தியது. என்னை? "ஒவ்வொரு" என்பது மெய்யோ பொய்யோ ஆகக்கூடிய ஒன்றன்மேல் நின்று, அஃது எல்லார்க்கும் பொருந்தும் என்று கூறும் சொல். நிரல்நிறை விடையை வேண்டும்போதோ அச்சொல் வினாவின்மேல் நிற்கின்றது. கந்தனைப் பற்றி ஒரு வினா, முருகனைப் பற்றி ஒரு வினா, வேலனைப் பற்றி ஒரு வினா என ஆளுக்கொரு வினாவாக அஃது அடுக்குகின்றது. மெய்யும் பொய்யும் இல்லாத வினாவின்மேல் "ஒவ்வொரு" என்பது எவ்வாறு ஆட்சி செலுத்தும்?

இதற்குப் பலர் பல வழி கூறினர். வினாத்தொடருக்குப் புறத்தே "உன்னைக் கேட்கின்றேன்" என்னும் ஒரு கூற்று மறைந்து நிற்பதாகக் கொண்டு, அளவுச்சொல் அக்கூற்றின்மேல் நிற்கும் என்றனர் கார்ட்டுனென். நிரல்நிறை விடை உறவு விடையின் ஒரு வகையே. உறவைச் சொல்லாற் கூறாது ஆள் ஆளாக எண்ணிக் காட்டுவதே அது என்றனர், 1993இல் இப்பொருள்பற்றித் தனிக் கட்டுரை வரைந்த இத்தாலியரான கியேர்க்கியா. இவற்றுள் எனக்கு மிக்க தெளிவு தந்தது, 2001இல் ஜேர்மானியராகிய கிரிவ்கா எழுதிய கட்டுரை. அதன் சாரம் இது: வினாவுதல் ஒரு செயல். இரு வினாக்களை ஒருங்கு அடுக்கிக் கேட்டல் இயலும்: "கந்தன் எதைப் படித்தான்? முருகனும் எதைப் படித்தான்?" ஆனால் இவ்விரு வினாக்களுள் ஏதோ ஒன்றைக் கேட்கின்றேன் என்று எதனையென்று குறியாது கேட்டலும், ஒரு வினாவை மறுத்துக் கேட்டலும் இயலா. "எல்லாரும்" என்பது அடுக்குதலின் முற்றிய வடிவம். ஆதலின் அது வினாவின்மேல் ஆட்சி செலுத்தும். "யாரோ ஒருவர்" என்பது அவனோ இவனோ என்னும் விகற்பம். ஆதலின் அது செலுத்தாது.

உம்மையின் தொழில்

இக்கருத்து ஆங்கிலம் முதலிய மொழிகளைக் கொண்டு நீண்ட வாதத்தால் நிறுவப்பெற்றது. அங்கே "அனைவர்" என்பதும் "உம்" என்பதும் தொடர்பில்லாத இரு சொற்கள். தமிழிலோ இது சொல்லின் உருவிலேயே கிடக்கின்றது. "கந்தனும் முருகனும்" என்று எண்ணும் உம்மையே "எல்லாரும்" என்று முற்றுப்பெறுவிக்கும் உம்மையும் ஆகும். எண்ணையும் முற்றையும் ஒரே இடைச்சொல்லின் பொருள்களாக ஒரே விதியில் வைத்த நம் ஆசிரியர், எண்ணிக்கொண்டே சென்று எல்லையை அடைதலே முற்றுதல் என்பதை உணர்த்தினர் எனலாம். அவ்வும்மை வினாவில் நிற்கும்போது ஆட்களை மட்டும் எண்ணுவதில்லை. அவரவர்க்குரிய வினாக்களையும் எண்ணி அடுக்குகின்றது. இதுவே இக்கட்டுரையில் யான் நிலைநிறுத்த விழையும் கருத்தாகும்.

இதனைச் சோதித்துப் பார்க்கத் தொல்காப்பியரே ஒரு வாயிலைத் திறந்து வைத்தனர். இத்துணை என்று முன்னரே வரையறுத்து அறியப்பட்ட பொருள் வினையோடு வருமிடத்து உம்மை பெறல்வேண்டும் என்பது கிளவியாக்கத்து விதி. "இரண்டு மாணவர் வந்தனர்" எனின் யாரேனும் இருவர். "இரண்டு மாணவரும் வந்தனர்" எனின் நாம் முன்னறிந்த அவ்விருவர். இனி இவற்றை வினாவில் வைத்துக் காண்போம். "இரண்டு மாணவர் எந்த நூலைப் படித்தனர்?" என்பதற்கு இருவர் சேர்ந்து படித்த நூலின் பெயரே விடையாக என் செவிக்குப் படுகின்றது. நிரல்நிறையாகக் கூற விரும்பின், எந்த இருவரைக் கூறுவது என்பதை விடையிறுப்பவனே தெரிந்தெடுக்கவேண்டும். "இரண்டு மாணவரும் எந்தெந்த நூலைப் படித்தனர்?" என்பதோ நிரல்நிறையை எளிதில் ஏற்கின்றது. "பெரும்பாலான மாணவர் எந்த நூலைப் படித்தனர்?" என்பதில் உம்மை இல்லை, நிரல்நிறையும் இயல்பாக எழவில்லை. உம்மை வருமிடத்து வினாக்கள் அடுக்கப்படுகின்றன, வாராவிடத்து அடுக்கப்படவில்லை.

இதற்கு மாறாக ஒன்று காட்டப்படலாம். "ஒருவரும் எந்த நூலைப் படிக்கவில்லை?" என்பதில் உம்மை உண்டு, நிரல்நிறை இல்லையே எனின், அங்கே உம்மை எதிர்மறையைச் சார்ந்து அதனோடு கட்டுண்டு நிற்கின்றது. எதிர்மறை வினாவினுள்ளே அடங்குதலின், உம்மையும் அதனுள்ளே அடங்கி, வெளியே வந்து வினாக்களை எண்ண வலியற்றதாகின்றது. "ஒவ்வொரு மாணவனும் எந்த நூலைப் படிக்கவில்லை?" என்று மாற்றின் உம்மை எதிர்மறையின் கட்டினின்று விடுபடுகின்றது, உடனே நிரல்நிறை விடையும் இயல்வதாகின்றது.

சொல் நிற்கும் இடமும் ஆராயத்தக்கது. "யார் ஒவ்வொரு நூலையும் இரவல் பெற்றார்?" என்பதற்கு எல்லா நூலையும் பெற்ற ஒருவர் பெயரே விடையாகும். "ஒவ்வொரு நூலையும் யார் இரவல் பெற்றார்?" என்று முன்பின்னாக மாற்றின், நூலுக்கு ஓர் ஆளாக நிரல்நிறையும் கேட்கப்படுவதுபோல் தோன்றுகின்றது. எழுவாயாக நிற்கும் அளவுச்சொல்லுக்கும் செயப்படுபொருளாக நிற்கும் அளவுச்சொல்லுக்கும் இவ்வேறுபாடு ஆங்கிலத்தில் உண்டென்பதைப் பொருண்மையியலார் பெரிதும் ஆராய்ந்துள்ளனர். தமிழிற் சொற்களை இடம் மாற்றும் உரிமை இருத்தலின், எழுவாயாதல் செயப்படுபொருளாதல் என்னும் வேறுபாட்டோடு முன்னிற்றல் பின்னிற்றல் என்பதையும் சேர்த்து நோக்கவேண்டியுள்ளது. இதிற் செவிக்குச் செவி வேறுபாடு இருக்கலாம். கற்றோர் தத்தம் வழக்கோடு ஒப்பிட்டு நோக்குவாராக.

அடுக்கும் இடைச்சொல்லும்

தமிழ் வினாவுக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. "யார் யார் வந்தனர்?", "என்னென்ன கொணர்ந்தனர்?", "எவரெவர் எங்கெங்கே தங்கினர்?" என வினாச்சொல்லை இரட்டித்துக் கூறும் வழக்கு அது. "யார் வந்தார்?" எனின் ஒருவர் பெயரோடு விடை முடியலாம். "யார் யார் வந்தனர்?" எனின் வந்தார் எல்லாரையும் எண்ணிக் கூறாது முடித்தல் இயலாது. "எவரெவர் எங்கெங்கே" என இரு வினாச்சொல்லும் இரட்டின், நிரல்நிறை விடை அன்றி வேறு விடைக்கு இடமில்லை. ஆங்கிலத்திற் கேட்பவன் கருத்தை ஊகித்தே அறியவேண்டிய வேறுபாட்டைத் தமிழ் சொல்லின் உருவாலேயே காட்டிவிடுகின்றது. இப்பொருள் வேறுபாட்டை வினாவிலக்கணத்தோடு சேர்த்து மாணவர்க்குக் கற்பித்தல் நம் கடனாகும்.

எங்கள் பேச்சுவழக்கும் கைகொடுக்கின்றது. வெளியே சென்று வீடு திரும்பியவர் "ஆரும் வந்தவையோ?" என்று கேட்பர். இங்கே "ஆரும்" என்பது எல்லாரும் என்று பொருள்படாது. யாரேனும் ஒருவர் என்றே பொருள்படும். "ஆரும் வரேல்லை" எனின் ஒருவரும் வந்திலர் என்பது பொருள். "ஆரும் வரலாம்" எனின் எவர்க்கும் தடையில்லை என்பது பொருள். வினாச்சொல்லும் உம்மையும் சேர்ந்த ஒரே சொல், வினாவிலும் எதிர்மறையிலும் உடன்பாட்டிலும் மூவேறு நிலை எய்துகின்றது. வினாச்சொல் ஓகாரத்தோடு சேரின் "ஆரோ" என ஒருவரை மட்டும் குறிப்பதாகின்றது. மலையாளத்தில் வினாச்சொற்கள் உம், ஓ என்னும் இடைச்சொற்களோடு சேர்ந்து அளவுச்சொற்களாகும் முறையை ஹைதராபாத்துப் பேராசிரியர் ஜெயசீலன் 2001இல் வெளியிட்ட கட்டுரையில் நிறுவியுள்ளார். எண்ணுதற்குரிய உம்மையும் விகற்பத்துக்குரிய ஓகாரமுமே அளவையியலார் கூறும் "எல்லாம்", "சில" என்னும் இரண்டுக்கும் தாயாக நிற்றலை அக்கட்டுரையாற் காணலாம். ஓகாரம் வினாவுக்கும் உரியதாதலை நோக்குமிடத்து, வினாவும் அளவும் திராவிட மொழிகளில் ஒரே கிளையிற் பூத்தவை என்று எண்ணத் தோன்றுகின்றது.

மதிப்பீடு

இதுகாறும் கண்டவற்றால் இரு திறத்தாரின் நிறைகுறைகளும் ஒருவாறு தெளிவாகும். நம் இலக்கண நூலாரிடம் உறுப்புக்கள் எல்லாம் இருந்தன. முற்றும்மை எதிர்மறையில் எச்சமாதலையும், வரையறுத்த தொகை உம்மை பெறுதலையும், செவ்வன் இறை வேறு இறை பயப்பது வேறு என்பதையும் அவர் கண்டனர். ஆயினும் வினாவை வினாவுவான் கருத்தினால் வகுத்தமையின், வினாத்தொடரின் உள்ளே நிற்கும் உம்மை விடையை எவ்வாறு ஆள்கின்றது என்னும் கேள்வி அவர்க்கு எழவில்லை. "இது" என்று ஒன்றைச் சுட்டினும், பத்துப் பெயரை நிரல்படச் சுட்டினும் இரண்டையும் சுட்டு என்னும் ஒரே வகையுள் அடக்கினர்.

மேனாட்டாரோ அக்கேள்வியைச் செம்மையாக எழுப்பினர். குறியீடுகளால் ஐயமறத் தீர்வு காண முயன்றனர். ஆயினும் நெடுங்காலம் ஆங்கிலத்தையே பெரிதும் சான்றாகக் கொண்டமையால், அம்மொழி மறைத்து வைத்தவற்றைக் கோட்பாட்டினால் தோண்டி எடுக்க வேண்டியவர் ஆயினர். இரட்டித்த வினாச்சொல்லும் எண்ணும்மையும் கண்முன்னே கிடக்கும் மொழியிலிருந்து தொடங்கியிருப்பின், வழி சிறிது குறுகியிருக்கும் என்பது என் துணிபு.

இவையெல்லாம் புலவர்க்குரிய நுண்மைகளே, நாட்டார்க்கு இவற்றால் ஆவது யாது என்று சிலர் வினாவக்கூடும். அவர்க்கு ஒரு நிகழ்ச்சியைக் கூறுவேன். எங்கள் குடும்பம் 1990இற் காங்கேசன்துறையை விட்டு இடம்பெயர்ந்தது. அப்பொழுது யான் சிறுவன். இருபது ஆண்டுகளுக்கு மேல் சென்றபின், காணி தொடர்பாக ஓர் அலுவலகத்தில் என் தந்தையாரிடம் ஒரு படிவம் தந்தனர். "குடும்ப உறுப்பினர் அனைவரும் தற்போது எங்கு வசிக்கின்றனர்?" என்று அதில் ஒரு வினா இருந்தது, விடை எழுத ஒரே ஒரு கோடு இடப்பட்டிருந்தது. தந்தையார் பேனாவை ஏந்தியபடி நெடுநேரம் நின்றார். ஒரு மகன் வவுனியாவில். ஒரு மகள் கனடாவில். தம்பி குடும்பத்தோடு தமிழ்நாட்டு முகாம் ஒன்றில். ஒருவரைப் பற்றி எழுதுவதற்கு ஊரே இல்லை. இறுதியில் "வெவ்வேறிடங்களில்" என்று எழுதிக் கொடுத்தார். முகவரி ஒன்றை எழுதித் தருமாறு கூறிப் படிவம் திருப்பப்பட்டது.

வினாவை எழுதியவர் "அனைவரும்" என்று முற்றும்மை கொடுத்தார். அவ்வும்மை நால்வரைப் பற்றிய நான்கு வினாக்களை அடுக்கிற்று. அவர் விட்ட கோடோ ஒற்றை விடைக்கு மட்டுமே இடந்தந்தது. குடும்பம் முழுவதும் ஓரிடத்திலே வாழும் என்று அவர் தம்மையறியாமலே கருதிவிட்டார். அக்கருத்து எங்கள் வீட்டில் 1990ஆம் ஆண்டிலேயே பொய்யாகிவிட்டது. "எவரெவர் எங்கெங்கே வசிக்கின்றனர்?" என்று கேட்டு நான்கு கோடு விட்டிருப்பின், தந்தையார்க்கு எழுதுவதற்கு இடமிருந்திருக்கும், எழுத இயலாத அந்த ஒரு கோட்டின் வெறுமையும் ஒரு விடையாக நின்றிருக்கும்.

ஆதலின், வினாத்தாள் ஆக்கும் ஆசிரியர்க்கும் படிவம் வரையும் அலுவலர்க்கும் இவ்விலக்கணம் பயன்படும். வினாவில் "எல்லாரும்" என்று எழுதுமுன், ஒரு விடை வேண்டுமா, ஆளுக்கொரு விடை வேண்டுமா என்று தம்மைத் தாமே வினாவிக்கொள்ளல் நன்று. ஆளுக்கொரு விடை வேண்டின் வினாச்சொல்லை இரட்டி, இடத்தையும் அதற்கேற்ப விடுக. யானும் பாடமுடிவில் "எல்லாருக்கும் விளங்கியதா?" என்று கேட்பதை விட்டு, "ஆர் ஆருக்கு எது எது விளங்கவில்லை?" என்று கேட்டு, ஒரு துண்டுத் தாளில் எழுதித் தரச் செய்து வருகின்றேன். முன்னிலும் மிகுந்த திருத்த வேலை சேர்கின்றது. ஆயினும் வாளாவிருந்தவர் குரல் அத்தாள்களிற் கேட்கின்றது.

தமிழ் வினாக்களில் அளவுச்சொற்கள் ஆளும் முறையை, ஈழத்துப் பல வட்டாரப் பேச்சுக்களையும் தமிழ்நாட்டு வழக்கையும் தொகுத்து முறையாக ஆராய்தல் இன்றியமையாத பணியாகும். ஈண்டு யான் கூறியவை ஒருவன் செவியினளவில் நின்றவை. இலக்கணமும் அளவையியலும் ஒருங்கு கற்ற இளைஞர் இப்பணியை மேற்கொண்டு, என் துணிபுகளுட் கொள்ளத்தக்கன கொண்டு தள்ளத்தக்கன தள்ளுவாராக.